நடுவெட்டும் ஓரவெட்டும்

டைட்டானியத்தைக் கண்ணாடி மாதிரித் தேய்த்துத் தரச் சொன்னால் பாதிப் பேர் ஒரே வாரத்தில் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரும்பு சொன்னபடி கேட்கும். பித்தளை கொஞ்சம் கெஞ்சினால் கேட்கும். டைட்டானியம் யாருக்கும் மசியாது. தேய்க்கத் தேய்க்கத் தன்னையே இழுத்துப் பூசிக்கொண்டு, கீறலையெல்லாம் உள்ளே மறைத்து வைத்திருந்து, அமிலத்தில் நனைத்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். அப்படிப்பட்ட உலோகத்தோடு பல வருஷம் மல்லுக்கட்டியவள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குத் தேய்ப்பக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் ஆள் இல்லை அவள்.

வேலை நடக்கும் கட்டடத்துக்கு இரண்டு மாடி. கீழே லேசர் கூடம், மேலே ஆய்வகம். கீழே மேசைமேல் டைட்டானியத் தகட்டைக் கட்டி, அதன்மீது நைட்ரஜன் வாயுவை ஊதிக்கொண்டே லேசர் கதிரைத் திறப்பார்கள். கதிர் பட்ட இடம் உருகும். உருகின உலோகம் நைட்ரஜனைக் குடிக்கும். மேசை நகர்ந்ததும் அந்த இடம் உறைந்து தங்க நிறக் கோடாக நிற்கும். கோட்டுக்குப் பக்கத்தில் கோடு என்று உழுதுகொண்டே போனால் தகடு முழுக்கத் தங்கத் தோல் போர்த்தது போலாகிவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஆசைப்பட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். நகைக்கடைக்கு லாயக்கில்லை, உப்புத் தண்ணீர் ஓடும் குழாய்களில், வால்வுக்குள் கிடந்து உரசி உரசித் தேயாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

தோல் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. வெட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் அவள் வேலை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெல்லிய சக்கரத்தால் ஒரு சீவல் வெட்டி, கறுப்புப் பிசினில் பொதித்து, உப்புத்தாளில் முரட்டிலிருந்து மெல்லியது வரை தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெருகேற்றி, அமிலத்தில் ஒரு முக்கு முக்கிக் கழுவி, நுண்ணோக்கியின் கீழே வைப்பாள். மேலே மெல்லிய தங்க வரி தெரியும். அதற்குக் கீழே கிளை கிளையாக இறங்கும் நைட்ரைடு, நைட்ரஜன் குடித்து இறுகிய டைட்டானியம், பெரணி இலையைத் தலைகீழாகப் பிடித்தது மாதிரி. அதற்கும் கீழே, சட்டென்று குளிர்ந்ததால் ஊசி ஊசியாகப் பின்னிய ஒரு பகுதி. எல்லாவற்றுக்கும் அடியில், இத்தனை கூத்தும் காதில் விழாத பழைய உலோகம், மணி மணியாக, தன் பாட்டுக்கு இருக்கும்.

இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கர்வம் வந்திருந்தது. வெட்டை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாளாம். லேசர் கூடத்தில் இருந்ததே இரண்டு ஆள்தான், அதில் ஒருவர் அவளுடைய கணவர். இதில் சொல்வதற்கு என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்கலாம். அவளிடம் கேட்டால் முகம் சுண்டிப்போகும்.

கணவருக்குக் கூடத்தில் நிதானம் என்று பெயர். பொருத்தமான பெயர்தான். தெருவைக் கடக்க நின்றாரானால், ஒரு வண்டியும் இல்லாத தெருவிலும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கால் வைப்பார். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கல்யாணமான புதிதில் அவளுக்கு இது பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகின பிறகு கேலி செய்ய வசதியாகவும் இருந்தது.

லேசரிலும் அதே கதைதான். மேசை நகரத் தொடங்குவதற்கு முன்பே கதிரைத் திறந்துவிட்டு, ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணத்தில் கோட்டின் தொடக்கம் மற்ற இடத்தைவிட ஆழமாக உருகும், நைட்ரஜனை அளவு மீறிக் குடிக்கும். அப்படிக் குடித்த இடம் கல்லாகக் கெட்டிப்பட்டு, குளிரும்போது விரிசல் விடும். கையில் பிடிக்கும் பெரிய லென்ஸிலேயே தெரியும், ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஒரு சின்ன வீக்கம். மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவள் இதைச் சொல்லிச் சிரித்தாள்.

"உங்க தகட்டைப் பாத்தா மேல எழுதின நம்பரே வேணாங்க. கோடு ஆரம்பிக்கிற இடத்துல நின்னு, போகலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு அப்புறமா கெளம்பியிருக்கும்."

மகளும் சேர்ந்து சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அது தவறென்று யாரும் அப்போது கவலைப்படவில்லை. தகட்டின் ஓரத்தை எப்படியும் நறுக்கி எறிந்துவிடுவார்கள். அதனால் எப்போதும் நடுவில்தான் வெட்டிப் பார்ப்பது வழக்கம். நடுவெட்டு நன்றாக இருந்தால் தகடு நன்றாக இருக்கிறது என்று கணக்கு.

பிரச்சினை பல வருஷம் கழித்து, புது இயந்திரத்தோடு வந்தது. தகடுகளை விட்டுவிட்டு, வால்வுக்குள் திரும்பும் உருண்டைகளுக்கே நேராகத் தோல் போடும் இயந்திரம். பழையதைக் கழற்றி எடுத்துவிட்டு இதை நிறுத்தப் போகிறார்கள். பழையதற்கு இரண்டு ஆள் வேண்டியிருந்தது, புதியதற்கு ஒருவர் போதும். மற்றவர் மணல் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே தகடுகளின் மேல் மணலைப் பீய்ச்சி அழுக்கெடுப்பார்கள். உள்ளே போனவன் வெளியே வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும்.

நிதானம் அங்கிருந்து வந்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருஷம் அந்தக் கொட்டகையில் இருந்தார். வெளியே வந்தபோது நெஞ்சில் ஒரு விசில் சத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். படியேறினால் இன்றைக்கும் அது கேட்கும். அப்போது பார்த்த டாக்டர் ஒளிவுமறைவில்லாத மனுஷர். "இன்னொரு தடவை அந்தத் தூசிக்குள்ள போனீங்கன்னா எங்கிட்ட வராதீங்க. நேரா ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிட்டு வீட்டுல படுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். ஆக, புது இயந்திரம் யாருக்கு என்பது அந்த வீட்டில் வெறும் பதவி விஷயம் இல்லை.

போட்டியில் எதிரே நின்றவன் கூடத்தின் மற்ற ஆள், புயல். பெயருக்கேற்ற ஆள். நடை ஓட்டம், பேச்சு ஓட்டம், சாப்பாடு அதைவிட ஓட்டம். நிதானத்தை அண்ணே என்பான், இவளை அண்ணி என்பான். கெட்டவன் இல்லை. அவனுக்கும் மணலைத் தின்ன ஆசையில்லை, அவ்வளவுதான்.

யார் என்று எப்படி முடிவு செய்வது? ஆய்வகத்துக்குத் தலைவியாக இருந்த மேடம் ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் ஆளுக்கொரு தகடு செய்ய வேண்டும். பின்பக்கத்தில் ஒன்றுக்கு ஒரு புள்ளி, மற்றதற்கு இரண்டு புள்ளி குத்தப்படும். எந்தப் புள்ளி யாருடையது என்பது மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். எந்தத் தகட்டில் தோல் சரியாகப் பிடித்திருக்கிறதோ அவருக்கு இயந்திரம்.

மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "வெட்டிப் பாக்கறது நீங்கதான். ஒருத்தர் உங்க வீட்டுக்காரர். உங்களுக்குச் சங்கடமா இருந்தா தகடுகளை வெளியூருக்கு அனுப்பிடறேன். மனசுல வச்சுக்காம சொல்லுங்க."

"புள்ளிதான இருக்கப் போகுது மேடம்? யாரோடதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கைவேலை எனக்குத் தெரியும் மேடம், பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன் என்று. சொன்னால் தகடுகள் வேறு ஊருக்குப் போய்விடும், வேறு எவளோ வெட்டுவாள், ஓரத்தையெல்லாம் மழுங்கடித்து வைப்பாள். அதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. கர்வம் பொல்லாதது, வாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

"சரி. நடுவுல குறுக்க ஒரு வெட்டு. அது கட்டாயம்" என்றார் மேடம். "வேற எங்கயாவது சந்தேகம் வந்தா இன்னொண்ணு வெட்டிக்குங்க. அது உங்க கண்ணைப் பொறுத்தது. நான் தலையிட மாட்டேன்."

தகடுகள் வந்தன. அவள் நடுவெட்டை முதலில் முடித்தாள். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு புள்ளித் தகட்டில் தோல் சீராக, அளவாக இருந்தது. இரண்டு புள்ளியில் கிளைகள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தன, விரிசல் இல்லை. இதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு புள்ளிதான் ஜெயித்திருக்கும். ஆழமான தோல் நாள்பட உழைக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பிறகு, சும்மா கை துறுதுறுத்து, இரண்டு புள்ளித் தகட்டின் ஓரத்தை லென்ஸில் பார்த்தாள். ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஒரு சின்ன வீக்கம்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. 'இந்த மனுஷன் இருக்காரே, இன்னிக்குமா நிப்பாரு' என்று நினைத்துக்கொண்டாள். சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. வீக்கம் இருந்தால் அடியில் விரிசல் இருக்கும். தகட்டுக்கு ஓரம் உண்டு, நறுக்கி எறியலாம். உருண்டைக்கு ஏது ஓரம்? கோடு தொடங்கின இடம் உருண்டையிலேயே நின்றுவிடும். அந்த விரிசலுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் தோல் பெயர்ந்து வரும். மேடம் சொன்ன சந்தேகம் என்பது இதுதான், வேறென்ன?

லென்ஸைக் கீழே வைத்தாள். ஒரு புள்ளித் தகட்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது புயலுடையது, புயல் எங்கேயும் நிற்கிறவன் இல்லை. பார்க்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு அவள் அந்த ஓரத்தை வெட்டவில்லை. வெட்டாமல் வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவர் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நாலு அடி அடித்துவிட்டு நின்று மூச்சு வாங்கினார், மறுபடி நாலு அடி. நெஞ்சு விசிலடித்தது. மகள் பம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"விடுங்கப்பா, நான் அடிச்சுக்கறேன். புது மெஷின்ல உக்காரப் போற ஆளு இப்படி மூச்சு வாங்கினா மெஷின் பயந்துக்கும்."

"இன்னும் யாரும் உக்காரச் சொல்லலை" என்றார் அவர்.

"அம்மா சொல்லுவா. என்னம்மா?"

"எனக்கென்ன தெரியும், புள்ளிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தகடு தன் மனைவியின் மேசையில் இருந்த அத்தனை நாளும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நாகரிகம் அன்றைக்கு அவளைக் கொன்றது. வாயைப் பிடுங்குகிற புருஷனாக இருந்தால் கோபித்துக்கொண்டாவது இருக்கலாம்.

படுத்தும் யோசித்தாள், எழுந்தும் யோசித்தாள். ஓரத்தை வெட்டுவது கட்டாயம் இல்லை. வெட்டாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. சட்டப்படி எல்லாம் சுத்தம். அவருடைய நுரையீரலைவிடப் பெரியதா எங்கோ இருக்கிற ஒரு வால்வு? பெரியதில்லை. சத்தியமாகப் பெரியதில்லை. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. புயல் தினமும் அண்ணி என்று கூப்பிடுவான், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட, வேறு எவனுடைய தகடாக இருந்தாலும் யோசிக்காமல் வெட்டியிருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

மறுநாள் காலை, வேறு யாரும் வருவதற்கு முன்னால், இரண்டு புள்ளித் தகட்டின் ஓரத்தைச் சக்கரத்தில் வைத்தாள். வெட்டும்போது அழுதாள். பொதித்தாள், தேய்த்தாள், அமிலத்தில் முக்கினாள். அமிலத்தைத் தொடும்போது அழக்கூடாது, கண்ணைத் துடைக்கக் கை போகும் என்பதால் அந்த நேரம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திவைத்தாள். நுண்ணோக்கியில் விரிசல் தெளிவாக நின்றது. தங்கத் தோலிலிருந்து நேர் கீழே, கிளைகளைப் பிளந்துகொண்டு, ஊசிப் பகுதி வரை. ஒன்றல்ல, வரிசையாக.

படங்களை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். புருஷனைத் தன் கையாலேயே மணல் கொட்டகைக்கு அனுப்பியாயிற்று. வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு சாப்பாடு போடுவது என்று தெரியவில்லை.

மதியம் மேடம் எல்லோரையும் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். நிதானம் படியேறி வந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு நின்றார். புயல் மேசையில் சாய்ந்து நின்றான். அவள் தேய்ப்புச் சக்கரத்தின் பக்கத்தில், யாரையும் பார்க்காமல் நின்றாள்.

"ரெண்டு தகடும் நடுவுல நல்லா இருக்கு" என்றார் மேடம். "ஆனா ரெண்டு புள்ளில கோடு ஆரம்பிக்கிற எடத்துல விரிசல். உருண்டைக்கு அது ஆகாது. அதனால ஒரு புள்ளி." கையில் இருந்த சீட்டைப் பிரித்தார். "ஒரு புள்ளி நிதானம்."

மனுஷன் பிழைத்தான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரிக்கப் போனாள். அதற்குள் புயல் பேசிவிட்டான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஓரத்துல வெட்டினது என்னோடது மட்டும்தானா? அண்ணனோடதையும் வெட்டினாங்களா?"

மேடம் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"பாத்தீங்களா" என்றான் புயல். குரலை உயர்த்தவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலை அண்ணி. ஆனா என்னோடதுக்கு ரெண்டு வெட்டு, அண்ணனோடதுக்கு ஒரு வெட்டு. கேக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"கேள்வி நியாயந்தான்" என்றார் மேடம். "அதையும் வெட்டுங்க. எல்லாரும் இருக்கோம், இப்பவே."

அவள் வெட்டினாள். பொதித்து, தேய்த்து, மெருகேற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை ஒருவரும் கீழே போகவில்லை. புயல் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். நிதானம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்து நுண்ணோக்கியின் கீழே வைத்துவிட்டு, அவள் பார்க்காமல் மேடத்துக்கு வழிவிட்டாள்.

மேடம் வெகுநேரம் பார்த்தார். பிறகு புயலைப் பார்க்கச் சொன்னார். அவன் குனிந்து, திருகைத் திருகி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"சுத்தமா இருக்கு" என்றான். "மேசை ஓட ஆரம்பிச்ச பிறகுதான் அண்ணன் கதிரைத் தெறந்திருக்காரு. ஒத்துக்கறேன். நல்லதுதான் ஜெயிச்சிருக்கு."

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவன் நகரவில்லை.

"ஆனா அண்ணி, முதல்ல எதை வச்சு என்னோடது மேல கை வச்சீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க. புள்ளி தெரிஞ்சுபோச்சா? மேடம் சொல்லியிருக்க மாட்டாங்க, அது எனக்குத் தெரியும். நீங்களாக் கண்டுபிடிச்சு, அண்ணனோடதைத் தொடாம விட்டுட்டீங்களா?"

மேடமும் அவளைத்தான் பார்த்தார். அவரும் அதைக் கேட்கத்தான் நினைத்திருப்பார். அவள் பதில் சொல்லாமல் நின்றால் ஊர் சொல்லும், தன் புருஷனுக்காகக் கண்ணை மூடினவள் என்று. தேய்ப்பக்கா என்ற பெயருக்கு அன்றோடு மண் விழும். பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் எல்லோர் வாயும் அடைபடும். அதைக் கேட்கக் கூடாத ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு புள்ளி அவரோடதுன்னு நெனச்சேன்" என்றாள்.

புயல் திரும்பி நிதானத்தைப் பார்த்தான். அவள் தொடர்ந்தாள்.

"கோடு ஆரம்பிக்கிற எடத்துல நின்ன மாதிரி இருந்துது. நிக்கிறது அவருதான்னு நெனச்சேன். அவரோடதுன்னு நெனச்சுதான் வெட்டினேன்."

புயலின் முகம் தெளிந்துவிட்டது. பொய் சொல்கிறவள் இப்படி ஒரு பொய்யைத் தேடிப் பிடிக்க மாட்டாள் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "அன்னிக்குன்னு பாத்து நான் நின்னுட்டேன் அண்ணி" என்றான். "பரீட்சை மாதிரி இருந்துது. எப்பவும் ஓடறவன், ஒரு நாள் ஜாக்கிரதையா இருப்போம்னு பாத்தேன்." பிறகு நிதானத்திடம் திரும்பி, "அண்ணே, அந்தக் கொட்டகைல இப்பவாவது ஒழுங்கா முகமூடி குடுக்கறாங்களா?" என்று கேட்டான்.

"குடுக்கறாங்க. ரெண்டாக் கேட்டு வாங்கிக்க" என்றார் அவர். அவளைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் அவர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார், மூச்சு வாங்கினாலும் நிற்கவில்லை. வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார். மகள் இன்னும் வரவில்லை.

"கோவமா?" என்று அவள் கேட்டாள். "மனசறிஞ்சு உங்களை மணல்ல தள்ளப் பாத்தேன்னு கோவமா? விரிசலைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியலைங்க. அழுதுகிட்டேதான் வெட்டினேன்."

"அழுதிருப்ப. எனக்குத் தெரியாதா?" என்றார். "வெட்டினது சரி. யாரோடதா இருந்தாலும் வெட்டித்தான் ஆகணும். வெட்டாம விட்டிருந்தாத்தான் எனக்கு அசிங்கம்."

"பின்ன?"

அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு தகடு இருந்துச்சு. ஒண்ணு நல்லது, ஒண்ணு மட்டம். மட்டமானதைப் பாத்த உடனே இது நம்ம வீட்டுக்காரரோடதுன்னு உன் மனசு சொல்லிச்சு பாரு, அதான்."

"நின்ன அடையாளம் இருந்துதுங்க. நீங்க நிப்பீங்கல்ல?"

"நின்னேன். நீ ஒரு நாள் சாப்பிடறப்ப கேலி பண்ணின. அடுத்த வாரமே விட்டுட்டேன். மேசை நகர்ற சத்தம் கேட்டப்புறம்தான் தெறக்கறது. பழக ரொம்பக் கஷ்டப்பட்டேன். நீ பாத்துட்டு ஏதாவது சொல்லுவேன்னு கொஞ்ச நாள் இருந்தேன். அப்புறம் நானும் அதை மறந்துட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்லித்தான் தெரியணுமா? தினம் உன் கைக்குத்தானே வருது."

வந்ததுதான், தினம் வந்ததுதான். நடுவில் வெட்டினாள், நன்றாக இருந்தது, எடுத்து வைத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தகட்டின் ஓரத்தில் லென்ஸை வைத்துப் பார்க்கவில்லை. அங்கே என்ன இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றிருந்தாள். மகள் பள்ளியை முடித்துக் கல்லூரிக்கும் போய்விட்டாள், அவர் மாறிப்போய் அத்தனை காலம் ஆகியிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தப்புதாங்க" என்றாள்.

"சரி விடு" என்றார். விட்டதாகத் தெரியவில்லை.

வெளியே சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. மகள் புத்தகப் பையோடு உள்ளே ஓடிவந்தாள். யாரோ அவளுக்கு வழியிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டினாள், அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் சொன்னேன்ல, சொன்னேன்ல. அம்மா நம்பரெல்லாம் பாக்கவே வேணாம். அப்பாவோடது எதுன்னு பாத்த உடனே கண்டுபிடிச்சிருப்பா. இல்லப்பா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை.

"ஆமா" என்றார் மகளிடம். "பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டா."